டிரிஸ்டன் மாப்பிள்ளை

ஒன்பதாவது பயோடேட்டாவோடு தட்சிணாமூர்த்தி வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜசேகர் திண்டிவனத்து வீட்டில் வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தான். அவன் ஓர் அரசுக் கல்லூரியில் புவியியல் கௌரவ விரிவுரையாளர். ‘மக்கள் வாழும் தீவுகளில் மிகத் தொலைவான ஒன்றைப் பற்றிச் சிறுகுறிப்பு வரைக’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி போட்டிருந்தான். வகுப்பில் ஒருவனுக்கும் விடை தெரியாது என்று தெரிந்தே போட்டது.

தட்சிணாமூர்த்தி அவனுடைய மாமனார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். மனைவி போய்ப் பல வருஷம். ஒரே மகள் தமிழ்மொழி. அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் அவள் இல்லை. அதற்குப் பிறகும் அவர் ஞாயிறு தவறாமல் வண்டி பிடித்து, ஒன்பது பத்துக்கு மருமகன் வீட்டுக் கேட்டைத் திறப்பார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பையிலிருந்து ஒரு பெண்ணின் பயோடேட்டாவை எடுத்து மேசைமேல் வைப்பார். புதிது கிடைக்காத வாரங்களில் பழையதையே மறுபடி எடுத்து வைப்பார். எந்த ஊர், என்ன படிப்பு, அந்த ஊருக்கு எந்த பஸ், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று விவரமாகச் சொல்வார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம் கிளம்புவார்.

ராஜசேகருக்கு இன்னொரு கல்யாணம் வேண்டாம். அதில் கொள்கை ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டாலே யோசித்துத்தான் பதில் சொல்கிற நிலையில் அவன் இருந்தான். பிப்ரவரியில் ஒருமுறை, “வேண்டாம் மாமா” என்று நேராகவே சொல்லிப் பார்த்தான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மூன்று ஞாயிறு வரவில்லை. அந்த மூன்று ஞாயிறும் ராஜசேகர் ஒன்பது பத்துக்கு எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, பத்து மணிக்குப் போய் மூடிவிட்டு வந்தான். தமிழ்மொழி எப்படிச் சாப்பிடுவாள், எப்படிச் சண்டை போடுவாள் என்று தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றாலும் அவர் எதிரே உட்கார்ந்திருப்பது போதுமாக இருந்தது. நான்காம் வாரம் அவனே விழுப்புரம் போய், “யாராவது இருந்தா பாருங்க மாமா” என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த ஞாயிறே இரண்டு பயோடேட்டா வந்தது.

ஆக, பயோடேட்டா நிற்க வேண்டும். மாமனார் வருவது நிற்கக் கூடாது. அதற்கு, மறுப்பது அவனாக இருக்கக் கூடாது. யார் மேலும் தப்பில்லாத ஒரு தடங்கல் வேண்டும்.

“இந்தப் பொண்ணு முகையூரு, மாப்ள,” என்றார் தட்சிணாமூர்த்தி. “எம்.எஸ்சி. பேரு மலர்விழி. வூட்டு வாசல்லயே பஸ்ஸு நிக்கும். நானே விசாரிச்சிட்டேன்.”

ராஜசேகர் வினாத்தாளைப் பார்த்தான்.

“மாமா, செப்டம்பருக்கு மேல நான் இங்க இருக்க மாட்டேன். வேலை கிடைச்சிருக்கு. வானிலை ஆராய்ச்சி. டிரிஸ்டன் டா குன்யா.”

செப்டம்பர் வந்தால் டிசம்பர் என்று தள்ளிக்கொள்ளலாம் என்பது அவன் யோசனை. அதுவும் அந்த நிமிஷத்து யோசனைதான்.

“அது எந்தப் பக்கம்? செஞ்சி தாண்டியா?”

சுவரில் உலகப் படம் மாட்டியிருந்தது. ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே, அட்லாண்டிக்கின் தெற்குப் பாதியில் அவன் விரலை வைத்தான். தட்சிணாமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லியே. தண்ணிதான் இருக்குது.”

“இருக்கு மாமா. படத்துல போட இடம் பத்தல.”

“இம்மாம் தண்ணிய வச்சிக்கினு எடம் பத்தலயா?”

ராஜசேகர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். அது தீவைவிடப் பல மடங்கு பெரிதாக விழுந்தது. கடலுக்கு நடுவில் ஒரு எரிமலை, அதன் அடிவாரத்தில் ஒரே ஒரு ஊர், ஏறக்குறைய இருநூற்று நாற்பது பேர் என்று விளக்கினான். அடுத்த மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் போக வேண்டும். அதுவும் இன்னொரு தீவுதான்.

“சர்வீஸ் எப்படி?”

“தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்லேர்ந்து கப்பல். ஒரு வாரம் ஆகும். வருஷத்துக்கு எட்டோ ஒன்பதோ.”

“வருஷத்துக்கா?” தட்சிணாமூர்த்தி நிஜமாகவே வருத்தப்பட்டார். “மேல்மலையனூருக்கு நாங்க உடற அமாவாசை ஸ்பெஷலே வருஷத்துக்குப் பன்னெண்டு வரும் மாப்ள.”

“போனாலும் உடனே இறங்க முடியாது. அலை அடிச்சா கப்பல் வெளியவே நிக்கும். சில சமயம் நாள்கணக்குல.”

“ஸ்டாண்டுக்குள்ள வராம பைபாஸ்லயே நிக்கற கேஸு.” அது அவருக்குப் புரிந்தது. மலர்விழியின் பயோடேட்டாவைத் திருப்பி அதன் முதுகில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். “சரி, அங்க எந்தெந்த ஜனங்க?”

“மொத்தமே ரெண்டு கைவிரல்ல எண்ணிடற அளவு குடும்பப் பேருங்கதான் மாமா. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்.”

“அப்ப எல்லாம் பங்காளிங்க.” அவர் பேனாவை மூடினார். “அங்க போயி பொண்ணு தேட முடியாது. செப்டம்பருக்குள்ள இங்கயே முடிச்சிடணும்.”

தடங்கலாக இருக்கட்டும் என்று உலகத்திலேயே தொலைவான ஊரைத் தேடிப் பிடித்த ராஜசேகர், தன் மாவட்டத்தைப் பற்றி ஒன்றை மறந்துவிட்டான். வெளிநாடு போகிறேன் என்று சொல்லி யாரும் இங்கே கல்யாணத்திலிருந்து தப்பித்ததில்லை.

அடுத்த ஞாயிறு தட்சிணாமூர்த்தி மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே இருபத்தேழு பயோடேட்டா. போன வாரம்வரை அவன் இரண்டாம் தாரம் தேடுகிற கௌரவ விரிவுரையாளர். இந்த வாரம் ஃபாரின் மாப்பிள்ளை. திருமணத் தரகர் ராஜாமணி விழுப்புரத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூர்வரை செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

“இதப் பாருங்க, பல் டாக்டரு,” என்றார் தட்சிணாமூர்த்தி. “இருநூத்தி நாப்பது பேருக்குப் பல்லு இருக்கும்தானே? ஆள் ஒண்ணுக்கு முப்பத்திரண்டு.”

போனும் அடிக்கத் தொடங்கியது. ஃபேமிலி விசா உண்டா என்று ஒரு தகப்பனார் கேட்டார். இட்லி மாவு கிடைக்குமா என்று ஒரு தாயார். அங்கே இரண்டு வருஷம் இருந்தால் அப்படியே கனடா போய்விடலாமா என்று ஒரு தாய்மாமன். எல்லோருக்கும் ராஜசேகர் உண்மையையே சொன்னான். குளிர், மழை, காற்று, உருளைக்கிழங்கு, சிங்கி இறால். மரம்கூட அதிகம் இல்லை. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் மரியாதைதான் கூடியது. இவ்வளவு கஷ்டமான இடத்துக்குக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்றால் சம்பளம் எப்படி இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

முகையூர் மலர்விழி மட்டும் தானே பேசினாள்.

“சார், வருஷத்துக்கு எட்டு கப்பல்னு சொன்னாங்களே, நெஜமா?”

“நெஜம்தான்.”

“எங்க சித்தி கெளம்பி வந்துட முடியுமா?”

“முடியாது. தீவுக் கவுன்சில் அனுமதி வேணும். போலீஸ் சர்டிஃபிகேட்டும் வேணும்.”

“நல்ல ஊரு சார்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு தட்சிணாமூர்த்தி கேட்டைத் திறக்கும்போதே பேசிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கற்றைக் காகிதம். விழுப்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தீவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அச்செடுத்து, அங்கிருந்த பெண்ணை விட்டே தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

“மாப்ள, பஸ்ஸு இருக்குது.”

“எங்க?”

“தீவுல. ஊர்லேர்ந்து உருளைக்கெழங்குத் தோட்டத்துக்கு ஒரே ரூட்டு. மூணு கிலோமீட்டரு சொச்சம்.” அவர் முகம் தெளிந்திருந்தது. பஸ் இருக்கிற ஊர் அவ்வளவு மோசமாக இருக்க முடியாது. “ஆனா டைமிங் போடல. எழுதிக் கேக்கணும்.”

பிறகு எரிமலை விஷயத்துக்கு வந்தார். 1961இல் எரிமலை வெடித்து, ஊர் மொத்தத்தையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

“அம்மாம் பெரிய ஊர உட்டுட்டு மறுபடி தீவுக்கு வந்து இன்னா பண்றாங்களாம்?”

“அவங்க ஊராச்சே மாமா.”

தட்சிணாமூர்த்தி காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். “ரிட்டர்ன்ல சீட்டு கெடைக்குமா?”

“நோயாளிங்களுக்குத்தான் முதல் இடம். மத்தவங்க காத்திருக்கணும்.”

அதையும் குறித்து அடியில் இரண்டு கோடு போட்டார். அன்று அவர் கொண்டுவந்த பயோடேட்டாக்களை எடுத்து வைக்கவே மறந்துவிட்டார். ராஜசேகரும் ஞாபகப்படுத்தவில்லை. சாப்பிடும்போது திடீரென்று, “நாமளே வழி தேடினா ஆவாது. தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டுடுவோம்,” என்றார்.

தெரிந்த ஆள் கோட்டக்குப்பம் சர்புதீன். வளைகுடாவுக்கு டிக்கெட் போடுகிறவர். வீட்டின் முன் அறைதான் அலுவலகம். சனிக்கிழமை இருவரும் போய் நின்றபோது கம்ப்யூட்டர் முன்னால் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டார்.

“ஏர்போர்ட் பேரு சொல்லுங்க சார்.”

“ஏர்போர்ட் இல்ல,” என்றான் ராஜசேகர்.

“பக்கத்து ஏர்போர்ட்டு?”

“கேப் டவுன். அங்கேர்ந்து கப்பல்ல ஒரு வாரம்.”

சர்புதீன் விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “பதினெட்டு வருஷமா டிக்கெட் போடறேன். பக்கத்து ஏர்போர்ட்டுக்கு ஒரு வாரம் ஆவற ஊர இப்பத்தான் கேக்கறேன். நம்ம ஆளுங்க யாரு இருக்காங்க அங்க?”

“யாரும் இல்ல.”

“கோட்டக்குப்பத்து ஆளு ஒருத்தன் கூடவா இல்ல?” அதை அவர் நம்பவில்லை. தீவு எதையோ மறைப்பதாக நினைத்தவர் போலத் திரையை முறைத்தார்.

“யாருடா கேப் டவுன் போறது?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சர்புதீனின் தாயார் சாரா பீவி.

“சும்மா இரு உம்மா. செப்டம்பர்ல.”

சாரா பீவி கதவருகே வந்து ராஜசேகரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் பேரன் அப்துல் ஹக்கீம் கேப் டவுனில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. அரை மணி நேரத்தில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. நான்கு பக்கமும் டேப், நான்கு பக்கமும் ஹக்கீமின் பெயர், போன் நம்பர். உள்ளே மாங்காய் ஊறுகாய், மிளகாய்த்தூள், மாசிக் கருவாட்டுப் பொடி, ஒரு லுங்கி. அந்த ஊரில் அது வழக்கம். வெளிநாடு போகிறவர் தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டாவது பிறர் பார்சலை எடுத்துக்கொள்வார். கொடுக்கிறவர் கேட்பதும் இல்லை, போகிறவர் மறுப்பதும் இல்லை.

“செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கேம்மா,” என்று தட்சிணாமூர்த்தி இழுத்தார்.

“அப்ப வந்தா வேற யாராச்சும் எடம் புடிச்சிருப்பாங்க,” என்றார் சாரா பீவி, பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற தீர்மானத்தோடு. பிறகு ராஜசேகரிடம், “தம்பி, அவன் ரெண்டு வருஷமா ஊருக்கு வரல. இத அவன் கையில குடு. அவன் பிரிச்சுத் தின்னுறத நின்னு பாரு. பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடு. நல்லா சாப்பிட்டானா இல்லியான்னு மட்டும் சொல்லு,” என்றார்.

புதுச்சேரியில் திண்டிவனம் வண்டி ஏறினார்கள். பெட்டி ராஜசேகரின் மடியில் இருந்தது. ஏழு கிலோ இருக்கும். இருபத்தேழு பயோடேட்டாவுக்கும் அசையாத மனசு ஒரு ஊறுகாய் ஜாடிக்கு அசைந்தது. கிளியனூர் வருவதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

“மாமா, வேலை கிடைக்கல. நான் அப்ளை கூடப் பண்ணல.”

தட்சிணாமூர்த்தி ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ஒரு ஸ்டாப்பிங் தாண்டியது.

“கப்பலும் பொய்யா?”

“கப்பல் நெஜம். தீவும் நெஜம். வேலைதான் பொய்.”

“பஸ்ஸு?”

“பஸ்ஸு நெஜம் மாமா.”

அவர் மூச்சு விட்டார். இன்னொரு ஸ்டாப்பிங்குக்குப் பிறகு, “முப்பத்தாறு வூட்டுல சொல்லிட்டேன்,” என்றார். “ஏன் மாப்ள?”

“கல்யாணம் வேணாம்னு சொன்னா நீங்க வர மாட்டேங்கறீங்க.”

தட்சிணாமூர்த்தி முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினார். “நான் இன்னான்னு சொல்லிக்கினு வர்றது? எதிர்வூட்டு குப்பம்மாள் கேக்குது, பொண்ணே இல்லாத வூட்டுக்கு வாராவாரம் எங்கப் போறீங்கன்னு. நீங்க ஒருநா எவளையாச்சும் கட்டிக்குவீங்க. அப்புறம் நான் யாரு அந்த வூட்டுக்கு? நாமளே பாத்துக் கட்டி வச்சா, கட்டி வச்ச ஆளுன்னாச்சும் உள்ள உடுவாங்க. கையில பயோடேட்டா இருந்துச்சு, வந்தேன். நீங்க வேணாம்னீங்க, வர்றதுக்கு ஜோலி இல்லாம போச்சு.”

இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் விசில் ஊதினார்.

“எறங்குங்க,” என்றார் தட்சிணாமூர்த்தி. “இத ஜல்தியா திருப்பிக் குடுத்துடணும். அந்தம்மா இந்நேரம் பேரனுக்குப் போன் போட்டிருக்கும்.”

எதிர்ப்பக்கம் போய் நின்று புதுச்சேரி வண்டி ஏறினார்கள். போகும் வழியெல்லாம் அவர் எதையோ யோசித்தபடி வந்தார்.

“ஒரு ட்ரிப்ப கட் பண்ணா ரெஜிஸ்டர்ல காரணம் எழுதணும் மாப்ள. டிரைவர் வரலன்னு எழுதுனா டிரைவருக்கு மெமோ. வண்டி ரிப்பேருன்னா மெக்கானிக்குக்கு. இருபத்தாறு வருஷத்துல நான் யாரு மேலயும் எழுதினது இல்ல.”

“பின்ன என்ன எழுதுவீங்க?”

“கனமழை.”

“சித்திரை மாசத்துல?”

“ரயில்வே கேட்டு.”

சாரா பீவி பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறினார். ராஜசேகர் இந்தமுறை சுற்றி வளைக்கவில்லை. “மன்னிச்சிருங்கம்மா. நான் எங்கயும் போகல. எனக்கு அங்க வேலையே இல்ல. பொய் சொல்லிட்டேன்.”

சாரா பீவி மகனைப் பார்த்தார். “பெட்டி கனம்னு பொய் சொன்னவங்கள எல்லாம் பாத்திருக்கேன்டா சர்புதீன். ஏழு கிலோவுக்குப் பயந்து வேலையே இல்லன்னு சொல்றவர இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“இல்லம்மா, நெஜமாவே...”

“ரெண்டு கிலோ கொறைச்சிக்கறேன் தம்பி. லுங்கிய எடுத்துடறேன்.”

ராஜசேகர் இன்னும் இரண்டு தடவை உண்மையைச் சொன்னான். லுங்கியோடு மிளகாய்த்தூளும் குறைந்ததே தவிர அவன் வேலை போகவில்லை. தட்சிணாமூர்த்தி குறுக்கே வந்தார்.

“கப்பல் ரிப்பேரும்மா. எப்ப கெளம்பும்னு சொல்ல மாட்டேங்கறான்.”

“அப்படிச் சொல்லுங்க,” என்று சாரா பீவி பெட்டியை வாங்கிக்கொண்டார். “கப்பல் ரிப்பேருன்னா யாரு என்ன பண்ண முடியும்?”

ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் போகிற ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார் சர்புதீன். லுங்கி மறுபடி உள்ளே போனது. வாசல்வரை வந்த சர்புதீன், ராஜசேகரிடம் குரலைத் தாழ்த்தி, “சார், அப்பாயின்ட்மென்ட் லெட்டர நான் கேக்கவே இல்ல, கவனிச்சீங்களா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கப்பல் கோளாறு மறுநாள் காலைக்குள் முப்பத்தாறு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தட்சிணாமூர்த்தியே போன் போட்டார். கப்பல் சரியாகி மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து காலூன்றும்வரை கல்யாணப் பேச்சு எடுப்பதற்கில்லை என்றார். யாரும் கோபிக்கவில்லை. மலர்விழியிடம் மட்டும் ராஜசேகர் தானே பேசி உள்ளதைச் சொன்னான்.

“வேலை இல்லன்னா போவட்டும் சார். அந்தத் தீவு இருக்குதுதானே?”

“இருக்கு.”

“எங்க சித்தி போவ முடியாத ஊரு ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா போதும் சார்,” என்றாள்.

அந்த ஞாயிறு ஒன்பது பத்துக்குத் தட்சிணாமூர்த்தி வெறுங்கையோடு வந்தார். சட்டையை ஆணியில் மாட்டினார். உட்கார்ந்தார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ராஜசேகர் மல்லாட்டைக் கடலை வறுத்துக் கொண்டுவந்து வைத்தான். இருவரும் உரித்துக்கொண்டிருந்தார்கள். பேச விஷயம் இல்லாமல் ஒருவரையொருவர் பார்ப்பது இருவருக்குமே புதிதாக இருந்தது.

“தமிழு இத தோலோட துன்னும்,” என்றார் தட்சிணாமூர்த்தி திடீரென்று. “சின்ன வயசுல.”

“பெரிய வயசுலயும்தான் மாமா. கேட்டா சத்துன்னு சண்டைக்கு வருவா.”

“சத்தாம் சத்து. உரிக்க சோம்பேறித்தனம்.”

போன் அடித்தது. தரகர் ராஜாமணி. தட்சிணாமூர்த்தி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“இல்லப்பா, இன்னும் கெளம்பல. அதக் கேக்கத்தான் வந்திருக்கேன். போன்ல கேட்டா ஆவுமா? நேர்ல வந்தாத்தான் தெரியும். ஆமாம்பா, வாராவாரம் வரணும். ஒரே பேஜாரு.”

வைத்துவிட்டு மருமகனைப் பார்த்தார். “கப்பல்ல இன்னா ரிப்பேருன்னு கேக்கறான்.”

“இன்ஜின்னு சொல்லிடலாமா மாமா?”

“இன்ஜின்ன வச்சி ரெண்டு மாசம்தான் ஓட்டலாம். பெருசா எதுனா பாக்கணும்.” அவர் இன்னொரு கைப்பிடி மல்லாட்டையை அள்ளி முன்னால் போட்டுக்கொண்டார். “உக்காந்து முடிவு பண்ணிடுவோம். நான் இன்னிக்கிக் கடைசி வண்டிக்குப் போய்க்கறேன்.”